சிவப்பு நாடா ஒட்டிய பெட்டி

காப்பீட்டு நிறுவனங்களுக்காக நஷ்டங்களை ஆராயும் அந்த சர்வேயர், எதையும் இரண்டு முறை பார்க்காமல் வாய் திறக்க மாட்டார். அவருடைய உதவியாளன் பார்ப்பதற்கு முன்பே திறந்துவிடுவான். அதனால் அவனுக்கு ‘அவசரம்’ என்றே பெயர் வைத்திருந்தார். அன்று மதியம் அழுத கண்ணோடு அவர்கள் அலுவலகப் படியேறி வந்தவள் அவசரத்தின் அக்கா.

அக்காவும் அத்தானும் ஆய்வுக்கூடக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தினார்கள். அத்தானின் தம்பிக்கும் அங்கேதான் வேலை; அவசரத்துக்கு அவர் சின்ன அத்தான். பட்டறையில் ஒரே மாதிரி இரண்டு ஆசிலாஸ்கோப்புகள், மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவிகள், இருந்தன. ஒன்று சரிபார்க்க வந்த கல்லூரிக் கருவி, நன்றாக ஓடியது. மற்றது பட்டறையின் சொந்தம், உள்ளே மின்சாரம் கொடுக்கும் பவர் போர்டு கருகிப்போனது. அது இனித் தேறாது என்று அக்கா அதன் மூடியில் சிவப்பு நாடா ஒட்டி, திரையையும் குமிழ்களையும் கழற்றி எடுத்துக்கொள்ளும்படி கொழுந்தனிடம் சொல்லியிருந்தாள். அன்று காலை கல்லூரிக் கருவியைப் போட்டால் உயிரில்லை. திறந்தால் போர்டு கரிக்கட்டை. நாடா ஒட்டியதைத் திறந்தால் உள்ளே நல்ல போர்டு.

“சின்ன அத்தான் நல்ல போர்டைப் பழசுல மாத்தி வெச்சிட்டாரு சார், அப்புறமா எடுத்துக்கலாம்னு. தனிக்கடை போடணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாரு,” என்றான் அவசரம்.

காலையில் செய்தி கேட்டதுமே பட்டறைக்கு ஓடி, வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி அவரைத் திருடன் என்று அவன் சொல்லியாகிவிட்டது. அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இனி தம்பி முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அத்தான் சொல்லிவிட்டார். எவ்வளவு யோசித்தும் கொழுந்தன் திருடியிருப்பார் என்று நம்பத் தனக்கு மனசு ஒப்பவில்லை என்றாள் அக்கா. சர்வேயர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பட்டறையில் அவர் இரண்டு கருவிகளையும் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு ஆரம்பத்திலிருந்து மறுபடி பார்த்தார்.

“போர்டுத் திருகாணி மேல சிவப்பா இருக்கே, என்னம்மா அது?”

“கருவி செய்யிற கம்பெனியிலயே வெக்கிற பெயிண்ட் பொட்டு சார். திருகாணியைத் திருகினா உடைஞ்சிடும்.” சொல்லிக்கொண்டே குனிந்த அக்கா அப்படியே நின்றாள். இரண்டு கருவியிலும் ஒரு பொட்டுகூட உடையவில்லை.

“அப்போ எந்தப் போர்டும் இடம் மாறலை,” என்றார் சர்வேயர்.

நாடா ஒட்டிய மூடியை அவர் கவிழ்த்துக் காட்டினார். உள்பக்கம் வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள். போர்டை மூடியிருக்கும் தகரத் தடுப்பின் துளைகள் வழியாகப் புகை வந்து படிந்த தடம் அது. ஆனால் அந்த மூடிக்குக் கீழே இருந்த தகரம் சுத்தமாக இருந்தது. மற்றக் கருவியில் தகரம் கறுத்திருந்தது, மூடி சுத்தம்.

“மாறினது மூடி. கருவி நம்பர், நாடா எல்லாத்தையும் நீங்க மூடியிலதான் ஒட்டுறீங்க. உங்க கொழுந்தன் நாடாவை நம்பிக் கல்லூரிக் கருவியைக் கழற்றிட்டாரு. ரெண்டையும் ஒண்ணா எப்போ திறந்தீங்க?”

ஞாயிற்றுக்கிழமை, என்றாள் அக்கா. நல்லதில் எங்கே எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து பழுதானதோடு ஒப்பிட, அருகருகே திறந்து வைத்திருந்தாள். நடுவில் போன் வந்தது. பேசிவிட்டு வந்தபோது இரண்டும் மூடியிருந்தன. கணவர் மூடினார் என்று நினைத்து, மூடியில் இருந்த நம்பரைப் பார்த்து நாடாவை ஒட்டினாள். அத்தான் இல்லையென்று தலையாட்டினார்.

“மூடித் திருகாணி எல்லாம் கோணலா ஏறித் தலை தேஞ்சிருக்கு. தொழில் தெரிஞ்ச கை இப்படி மூடாது,” என்ற சர்வேயர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். யாரையும் பார்க்கவில்லை.

அவசரத்தின் காது சுட்டது. அந்த ஞாயிறு அவன் இங்கே சாப்பிட வந்திருந்தான். அக்காவுக்கு ஒத்தாசை என்று நினைத்து, அவள் போனில் இருந்தபோது மூடிகளை மாட்டியது அவன்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், இவனுக்கு ஞாபகமும் மட்டு. யாரும் பார்க்கவில்லை, பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவனுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

“நான்தான்க்கா மூடினேன்,” என்றான்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போய்ச் சின்ன அத்தானை அழைத்து வா என்று அவசரத்திடம் சொன்னார் சர்வேயர்.

நடந்ததைக் கேட்டதும் சின்ன அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கழற்றியதை எல்லாம் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். சாயங்காலத்துக்குள் கல்லூரிக் கருவியைப் பழையபடி பூட்டிவிடலாம் என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பரவாயில்லை என்று கையசைத்துவிட்டுச் சின்ன அத்தான் மேசை முன் உட்கார்ந்தார்.

அவசரம் அவர் அருகில் போய் நின்றான். “தப்பாச் சொல்லிட்டேன் அத்தான். மன்னிச்சிடுங்க.”

அவர் நிமிரவில்லை. “நான் திருடலைன்னு எனக்குத் தெரியும். எங்கிட்ட எதுக்குச் சொல்றே? வாசல்ல போய்ச் சொல்லு.”

அவசரம் வாசலுக்குப் போனான். எதிரே தையல்கடைக்காரர் தலை தூக்கினார். பக்கத்துக் கடையில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சின்ன அத்தான் திருடவில்லை, தப்பு தன்னுடையது என்று மெல்லச் சொன்னான். என்ன என்று தையல்கடைக்காரர் காதருகே கை வைத்தார். இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.