கோஸ்டெக்கியின் எறியும் கை

மைதான வேலியில் ஐந்து வெள்ளைத் துணிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தெறியும் வீரராக, அதாவது குவார்ட்டர்பேக்காக, முன்பு இருந்த ஒருவர், பந்தை எறியக் கையை ஓங்கியபடி நின்றார். அந்த ஐந்து பேரும் இன்று நேரில் வந்து, அவரவர் படத்தின் அருகே நிற்கப் போகிறார்கள்.

வரைந்தது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். பதினோராம் எண் சட்டைக்காரர் லைல் கோஸ்டெக்கியை வரைந்தவள் கிரெட்டா.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்க," என்றான் அவள் வகுப்பில் படிக்கும் ஓடிஸ், வாய் நிறைய டோனட்டுடன். "ஆனா கை தப்பு."

"எந்தக் கை?"

"எறியிற கை. அவரு இடது கைக்காரர்டி. வலது கையால எறின்னு கோச் ரெண்டு வருஷம் வெளிய உக்கார வச்சாராம். அப்பவும் மாத்திக்கல. அதுக்குத்தான் ஊரே அவரைக் கொண்டாடுது."

கிரெட்டா படத்தைப் பார்த்தாள். ஓங்கியிருந்தது வலது கைதான். அவருடைய பழைய புகைப்பட ஸ்லைடை புரொஜெக்டரில் செருகி, துணியில் விழுந்த உருவத்தின் மேலேயே அவள் கோடு இழுத்திருந்தாள். ஸ்லைடை முன்பின்னாகத் திருப்பிச் செருகிவிட்டாள் போலிருக்கிறது; இடது வலதாகிவிட்டது. வேறு எண்ணாக இருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பதினொன்றோ வெறும் இரண்டு நேர்க்கோடுகள். எந்தப் பக்கம் பார்த்தாலும் பதினொன்றுதான்.

"எவ்ளோ நேரம் இருக்கு?"

"இருபது நிமிஷம். பேசாம இன்னொரு கை வரைஞ்சிடு."

"மூணு கை ஆயிடும்டா."

"எதிர் டீம் பாத்ததும் ஓடிடும்ல."

கிரெட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்குவதை மறைக்கத் துணிக்குப் பின்னால் போனாள். நிமிர்ந்து பார்த்தாள். மெல்லிய துணி, சாயம் மறுபக்கம்வரை ஊறியிருந்தது. அங்கே கோஸ்டெக்கி இடது கையை ஓங்கி நின்றார்.

"ஓடிஸ், திருப்பித் தொங்கவிட்டாப் போதும்டா."

"பேரு கண்ணாடியில பாக்கற மாதிரி தெரியுமே."

பெயர் அடியில் தனியாக இருந்தது. கிரெட்டா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு ப்ரூயிட் டீச்சரின் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். டீச்சர் விருந்தினரை அழைத்துவரப் போயிருந்தார்.

"வெட்டப் போறியா? டீச்சர் நம்மள வெட்டுவாங்க."

"பேரை மட்டும் வெட்டி எடுத்து, நேரா வச்சுக் குத்திடலாம். நீ துணிய இழுத்துப் பிடி. முதல்ல கையத் தொடை."

ஆறு ஊக்குகள். கடைசி ஊக்கைக் குத்தியபோது வாசலில் மேளம் கேட்டது.

கோஸ்டெக்கி நெட்டையாக, ஒல்லியாக இருந்தார். படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"கை சரியா இருக்கு," என்றார் அவர். "நிறைய பேரு இதுலதான் கோட்டை விடுவாங்க. ஆனா என் மூக்கு இவ்ளோ பெருசாவா இருந்துச்சு?"

"மூக்கு ஸ்லைடுல இருந்ததுதான் சார்," என்றாள் கிரெட்டா. "அதுக்கு நான் பொறுப்பில்ல."

அவர் மூக்கைத் தடவிப் பார்த்தார். "ஆமாம்மா. அதேதான்."

காலையிலிருந்து எதுவுமே சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் கிரெட்டாவுக்கு நினைவு வந்தது.