மூன்றாவது திரை

மவுஸை வலது பக்கம் நகர்த்தினால் அம்புக்குறி டிவியின் விளிம்பில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. விளிம்பைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. இடது பக்கம் இழுத்தாலும் உடனே வரவில்லை. மவுஸை நாலைந்து முறை தூக்கித் தூக்கி வைத்துத் தேய்த்த பிறகுதான், அடுத்த தெருவரைக்கும் போய்விட்டு வருவதுபோல நிதானமாக உள்ளே நுழைந்தது.

"சனியன்," என்றான் வாய்க்குள்ளேயே. வாய்விட்டுத் திட்டக்கூட அன்றைக்கு வழியில்லை. படுக்கையறையில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். தொடர்ந்து ஆறு இரவு வேலை. பகலில் படுத்தாலும் கண் மூடாது, மூடினாலும் அரை மணி நேரத்தில் திறந்துவிடும். போன வாரம் ஒரு நோயாளிக்குப் போட வேண்டிய ஊசியை அடுத்த கட்டிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கூட இருந்தவள் கையைப் பிடித்துத் தடுத்ததால் ஓர் உயிர் பிழைத்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தன்மேலேயே பயம். இன்று காலை வீட்டுக்கு வந்தவள், சன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, செல்போனைக்கூட அவனிடமே கொடுத்துவிட்டாள்.

"ஆறு மணி வரைக்கும் வீட்ல ஒரு சத்தம் வரக்கூடாது. தும்மினீங்கன்னா விவாகரத்துதான், சொல்லிட்டேன்," என்று சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. ரத்தமாகச் சிவந்திருந்தது. "இன்னிக்காவது நான் தூங்கியாகணுங்க."

அவன் சத்தியம் பண்ணாத குறை. எதற்கும் அவளை எழுப்பப்போவதில்லை என்றான்.

அவன் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவன். நாலாம் வகுப்புப் பயிற்சி நூல் ஒன்று, நூற்று இருபது பக்கம், ஐந்து மணிக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். இன்றைக்கென்று பார்த்து லேப்டாப்பின் திரை இருண்டுவிட்டது. உள்ளே எல்லாம் ஓடுகிறது, வெளிச்சம் மட்டும் இல்லை. ஹாலில் இருந்த டிவியில் கேபிளைச் செருகியது ஒன்றும் கெட்டிக்காரத்தனம் இல்லை, வேறு வழி இல்லாத வேலை.

அந்த டிவி அவனைப் பாடாய்ப் படுத்தியது. படத்தின் நாலு ஓரத்தையும் விரல் அகலத்துக்கு விழுங்கிவிட்டது; கீழே கடிகாரம் இருக்கும் வரிசையே தெரியவில்லை. ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு நிழல். விசையைத் தட்டினால், டிவி கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிறகுதான் எழுத்தைக் காட்டியது. இதையெல்லாம் டிவியின் அமைப்புக்குள் போனால் சரி செய்யலாம். போவதற்கான பொத்தான் ரிமோட்டில் எப்போதோ உள்ளே அமுங்கிச் செத்திருந்தது. கேபிளைக் கழற்றி மாட்டினான். அடுத்த துளைக்கு மாற்றினான். மறுபடி பழைய துளைக்கே வந்தான். மணி இரண்டே முக்கால்.

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மச்சானை அழைத்தான். மனைவியின் தம்பி, டிவி பழுது பார்ப்பவன்.

"என்ன மாமா, கிசுகிசுன்னு பேசுறீங்க? எங்கயாவது திருடப் போயிருக்கீங்களா?"

"உங்க அக்கா தூங்குறா."

"ஐயையோ," மச்சானின் குரலும் தானாகத் தணிந்தது. "சொல்லுங்க."

சொன்னான். அம்புக்குறி காணாமல் போவதைச் சொன்னதும் மச்சான் சிரித்தான். "அது டிவி தப்பில்ல மாமா. டிஸ்பிளே செட்டிங்ஸ்ல போய்ப் பாருங்க. கட்டம் கட்டமா நம்பர் போட்டிருக்கும். எத்தனை கட்டம் இருக்கு?"

அவன் ஓசைப்படாமல் ஹாலுக்குப் போய், அதைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான். "மூணு."

"ரெண்டுதானே இருக்கணும்? ஒண்ணு லேப்டாப், ரெண்டு டிவி."

"மூணு இருக்குடா."

"அப்ப பழசு எதையோ ஞாபகம் வச்சிருக்கு. சில நேரம் இல்லாத திரையை இருக்குன்னு காட்டும். அடையாளம் காட்டுன்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்குங்க. ஒவ்வொரு திரையிலயும் அதோட நம்பர் பெருசா வரும். எதுல மூணு வருதோ அதைப் பிடுங்கிப் போட்டுடுங்க. கடையில ஆள் நிக்குது, வைக்கிறேன்."

ஹாலுக்கு வந்து அமுக்கினான். டிவியில் பெரிதாக '2' வந்து மறைந்தது. மறுபடி அமுக்கி, இருண்டு கிடந்த லேப்டாப்பின் மேல் செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தான். சாம்பலில் கிறுக்கினதுபோல மங்கலாக '1' தெரிந்தது. மூன்றாவது எங்கே? ஹாலைச் சுற்றிப் பார்த்தபடியே மூன்றாம் முறை அமுக்கினான்.

படுக்கையறைக் கதவின் அடியில், தரையை ஒட்டிய இடுக்கில், வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்து போனது.

தூக்கம் வராமல் செல்போனை நோண்டுகிறாள் போலிருக்கிறது என்று முதலில் அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. இவன் இங்கே மூச்சுக்கூட அளந்து விடுகிறான், அவள் அங்கே படம் பார்க்கிறாளா? அப்புறம் மவுஸ் வைத்திருந்த பக்கத்து ஸ்டூலைப் பார்த்தான். அவளுடைய செல்போன் அங்கேதான், காலையில் அவள் கொடுத்தபடியே, குப்புறக் கிடந்தது.

கதவைத் திறந்து பார்க்கலாம். அந்தக் கதவின் கீல் கத்தும். கத்தினால் விழித்துக்கொள்வாள், விழித்துக்கொண்டால் இன்றைய தூக்கம் போச்சு. தெரு வண்டியின் கண்ணாடி பட்டு அடித்த வெயிலாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சன்னலில் கறுப்புத் துணி இருப்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தான்.

வேலையைத் திறந்தான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் டிவியில் ஒரு கணம் வந்தது, அப்படியே வலது பக்கமாக வழுக்கிக்கொண்டு போய் மறைந்தது. மூடித் திறந்தான். மறுபடி போனது. எத்தனை முறை திறந்தாலும் அந்த இல்லாத திரைக்கே ஓடியது. ஸ்டூலை எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது. அதற்கும் சத்தம் வரும். உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மின்விசிறி மட்டும் மேலே டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. சூடான டிவியிலிருந்து தூசி கருகும் வாசனை வந்தது. அப்போதுதான், அந்தத் தட்டலுக்கு நடுவே, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"பக்கம் நூத்திப் பன்னெண்டு."

அவன் மவுஸை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"கோடிட்ட இடங்களை நிரப்புக," என்றது குரல். தூக்கத்தில் பேசுகிறவளின் குழறல் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கும் பிள்ளையின் குரல்போல ஒரே சீராக இருந்தது. "ஒன்று. மழைநீர் நிலத்துக்குள் சென்று, கோடு, நீர் ஆகிறது."

இந்த நூலை அவள் பார்த்ததே இல்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் மருத்துவமனையில் இருந்தாள், இந்தப் பக்கங்கள் நேற்று இரவுதான் அவனுக்கு வந்தன.

"முழிச்சுக்கிட்டியா?" என்று கதவருகே போய்க் கேட்டான். தன் குரலே தனக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக. உள்ளே நீளமான, ஆழமான மூச்சு. நல்ல தூக்கத்தின் மூச்சு.

திரும்பி வந்தான். அந்தக் கோட்டை நிரப்ப, ஒரே ஒரு சொல் தட்டினான்: நிலத்தடி. டிவியில் எதுவும் வரவில்லை.

"நிலத்தடி," என்றாள் உள்ளே.

அவன் சட்டென்று அழித்தான்.

"இல்லை. போயிடுச்சு," என்றாள். பிறகு, களைத்துப்போன குரலில், "கண்ணு கூசுது."

அந்த ஒரு வார்த்தையில்தான் பயம் முழுதாக உள்ளே இறங்கியது. அது அவளுடைய குரல். வாசிக்கும் குரல் இல்லை, காலையில் வாசலில் நின்று பேசிய அவளுடைய சொந்தக் குரல். அவள் தூங்கவில்லை, தூங்க விடப்படவில்லை. அவன்தான், இந்த ஹாலில் உட்கார்ந்துகொண்டு, அவள் கண்ணுக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

நூல் போகட்டும், அச்சகம் போகட்டும். மூன்றை அணைக்க வேண்டும். கேபிளைப் பிடுங்கினால் டிவிதான் போகும், மூன்று இருக்கும். மூன்றுக்குத்தான் கேபிளே இல்லையே. கணினியின் டிஸ்பிளே அமைப்புக்குள் போய்ப் பட்டியலைத் திறந்தான். '1-இல் மட்டும் காட்டு' என்ற வரி பாதி தெரிந்தது. அதற்குக் கீழே எல்லாவற்றையும் டிவி விழுங்கியிருந்தது. பரவாயில்லை, கீழ் அம்பை ஒரு தடவை தட்டினால் '2-இல் மட்டும்'. அவ்வளவுதான், மூன்று செத்தது.

தட்டினான். டிவி அசையவில்லை. மேலே இருந்த நீலப்பட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. சரியாக அமுங்கவில்லை என்று, அவசரத்தில், இன்னொரு தடவை தட்டினான். உடனே என்டரை அடித்தான்.

அடித்த பிறகுதான் நீலப்பட்டை நகர்ந்து, திரைக்குக் கீழே போனது. ஒன்று. இன்னொன்று. '2'-ஐத் தாண்டி, '3-இல் மட்டும்'.

டிவி தாமதமாகத்தான் காட்டும். காலையிலிருந்து அவனுக்குத் தெரியும்.

டிவி இருண்டது. சிக்னல் இல்லை என்று ஒரு சின்னப் பெட்டி மட்டும் வந்தது.

"இந்த அமைப்பை வைத்துக்கொள்ளவா?" என்றாள் உள்ளே. "பதினஞ்சு."

கதவை இடித்துத் திறந்தான். கீல் கத்தியது. கத்தட்டும்.

அறை இருட்டு இல்லை. கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள், கை இரண்டும் பக்கத்தில் ஒழுங்காக நீட்டியிருந்தன. மூடிய இமைகளுக்குள்ளிருந்து வெள்ளை வெளிச்சம் தெரிந்தது. இமையின் மெல்லிய நரம்புகள் சிவப்பாக, ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அந்த வெளிச்சத்துக்குள் சின்னச் சின்ன எழுத்துகள் ஊர்ந்தன.

"பதினொண்ணு."

"ஏய்," என்று தோளைப் பிடித்து உலுக்கினான். "எந்திரி. எந்திரிம்மா."

"பத்து."

அவனுக்கு அந்தக் கேள்வி தெரியும். தெரியாத்தனமாகத் தப்பான திரையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கணினி கேட்கும். பதினைந்து விநாடிக்குள் யாரும் 'வைத்துக்கொள்' என்று அமுக்காவிட்டால், தானாகவே பழைய நிலைக்குப் போய்விடும். இவனைப்போன்ற அவசரக்காரர்களுக்காகவே வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. எதையும் தொடாமல் இருந்தால் போதும்.

"ஏழு."

தொடவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சூடாக இருந்தது.

"அஞ்சு."

போய்விடும். இதோ.

"நாலு. மூணு."

வீட்டில் வேறு யாரும் இல்லை.

"ரெண்டு."

ஹாலில் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை.

அவள் கண் திறந்தது.

அவன் ஹாலுக்கு ஓடினான். நாற்காலி காலியாக இருந்தது. மவுஸ் அவன் வைத்த இடத்தில் இல்லை. ஸ்டூலின் அந்தப் பக்க ஓரத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வசதியாக இருந்தது. யோசிக்கவில்லை. கேபிளைப் பிடுங்கினான். மின்வயரைப் பிடுங்கினான். லேப்டாப்பின் பொத்தானை அழுத்தி, அழுத்தி, அதன் விசிறி முனகி ஓயும்வரை அழுத்திக்கொண்டே நின்றான். ஓய்ந்தது. செத்தது. அப்பாடா.

பிறகுதான் உறைத்தது. திரும்ப மாற்றுவதற்கு இருந்தது அந்த லேப்டாப் ஒன்றுதான். மின்வயரை மாட்டி, மறுபடி பொத்தானை அழுத்தினான். விசிறி சுற்றவில்லை. மறுபடி. மறுபடி. இல்லை.

அறைக்குத் திரும்பினான்.

வெளிச்சம் அப்படியே இருந்தது.

கூரை முழுக்க, சுவர் முழுக்க, கறுப்புத் துணியின் மேலெல்லாம் வெள்ளை. அவள் இமைகளை விரலால் மெதுவாக இழுத்து மூடினான். விட்டதும் திறந்துகொண்டன. மறுபடி மூடினான். திறந்துகொண்டன. இரண்டு உள்ளங்கைகளையும் அவள் கண்களின் மேல் வைத்து, தன் முழு பலத்தையும் போட்டுப் பொத்தினான். வெளிச்சம் சதையைத் துளைத்துக்கொண்டு வந்தது, அவன் பத்து விரல் எலும்பும் சிவப்புக்குள் கறுப்பாகத் தெரிந்தன.

"என்னங்க," என்றாள் அவள், அவன் கைகளுக்கு அடியிலிருந்து, குழந்தை மாதிரி. "தூக்கமா வருது. அணைச்சிடுங்களேன்."