உப்பிய ஃபிலிம்

எழுபத்தேழாம் வருஷம், ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தேவகிருபை டீச்சர் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஜியாவுல்லாவின் சைக்கிள் நின்றது. கேரியரில் கட்டியிருந்த பால் கேனிலிருந்து சுண்ணாம்பும் மாமிசமும் கலந்த வாடை அடித்தது. ஆம்பூரில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு அது புதிதில்லை. ஆனால் மூன்று மாதமாக அந்தக் கேன் இந்த வாசலுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஜியாவுல்லா தோல் பதனிடும் டேனரியில் லேப் வேலை பார்ப்பவன். அவள் கணவர் சுந்தர்ராஜ் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். ஆளுக்கொரு நல்ல உத்தியோகம் இருந்தது, சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கேமராவுக்கு ஃபிலிம் சுருள் லேசில் கிடைக்காத காலம் அது. வெளிநாட்டுச் சரக்கு வராது, உள்நாட்டுச் சரக்கு வந்த அன்றே தீர்ந்துவிடும். "நாமளே செஞ்சா இன்னா?" என்று ஒருநாள் டீக்கடையில் ஜியாவுல்லா கேட்டான். வேலியில் போன ஓணானை இரண்டு பேரும் எடுத்து மடியில் விட்டுக்கொண்டார்கள்.

கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. தோலிலிருந்து சுரண்டிப் போடும் ஜவ்வைக் காய்ச்சினால் ஜெலட்டின். அதில் வெள்ளி உப்பைக் கலந்தால் பூச்சு. ஆஸ்பத்திரியில் கழித்துப் போடும் பழைய எக்ஸ்ரேக்களைக் கழுவி எடுத்தால் பூசுவதற்குத் தாள். மூன்று வருஷம் அந்த ஜெலட்டின் அவர்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. மழைக்காலத்தில் காயாது, வெயில் காலத்தில் இறுகாது. தூசி விழுந்தால் படத்தில் இருப்பவருக்கு அம்மை போட்டுவிடும். எல்லாம் கூடி வந்த அன்று, பூச்சு தாளை விட்டு உப்பிக்கொண்டு உரிந்து வந்துவிடும்.

வீட்டின் பின்கட்டில் ஓர் அறை இருந்தது. ஒரு காலத்தில் உப்புப் போட்ட தோல்களை அடுக்கி வைத்த இடம், ஜன்னல் கிடையாது. எத்தனை தரம் வெள்ளையடித்தாலும் சுவரில் உப்புப் பூக்கும். பட்டப்பகலில் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாலும் தன் கை தனக்குத் தெரியாது. அதைத்தான் இருட்டறையாக வைத்துக்கொண்டார்கள்.

சுந்தர்ராஜ் தம்பதிக்கு ஜெபகனி என்று ஒரே மகள், ஏழு வயது. பாப்பாவின் முதல் போட்டோ நம்ம ஃபிலிமில்தான் என்று அவர் ஒரே பிடிவாதம். ஸ்டூடியோ பக்கம் போகவே விடவில்லை. ஏப்ரலில் நெஞ்சில் சளி கட்டி, இரண்டே நாளில் ஜெபகனி போய்விட்டாள். முகம் பார்க்க ஒரு போட்டோ இல்லை. கடைசி நாளன்று அப்பா தன் கையால் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுதான் மிச்சம்.

அதைத் தினமும் காலையில் ஜன்னலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பார். என் பிள்ளைக்கு முன்பல் விழுந்திருந்தது, இடது புருவத்தில் தழும்பு இருந்தது, இந்த விலா எலும்பில் அது எங்கே இருக்கிறது என்று தேவகிருபைக்குக் கத்தத் தோன்றும். கத்தமாட்டாள். சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுவாள்.

அந்த ஜூலை ஞாயிற்றுக்கிழமை ஜியாவுல்லா அவளைத் தனியாகப் பார்த்துச் சொன்னான். "இப்டியே வுட்டா ஆளு கெட்டுப்போய்டுவான் பாபி. கைக்கு வேல குடுப்போம்."

முற்றத்தில் தொட்டி நிரப்பினார்கள். தோலை மிருதுவாக்க டேனரியில் போடும் பொடியைக் கரைத்து, நாற்பது பழைய எக்ஸ்ரேக்களை ஊறவைத்தார்கள். எக்ஸ்ரேயின் பூச்சும் ஜெலட்டின்தானே, அந்தப் பொடி அதைத் தின்றுவிடும். இருவரும் டீ குடிக்க உள்ளே போன நேரம், தேவகிருபை பீரோவைத் திறந்தாள். மகளுடைய எக்ஸ்ரேயை எடுத்து வந்து தொட்டியின் அடியில் செருகினாள். அது இல்லாமல் போனால் அவர் எழுந்து நடமாடுவார் என்றுதான் செய்தாள்.

ஒரு மணி நேரத்தில் கறுப்பெல்லாம் கரைந்தது. நாற்பத்தொரு தாள்களும் ஒரே மாதிரி, வெறுமையாக, லேசான நீலத்தில் கிடந்தன. திடீரென்று மனசு பதறி அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எது என்று தெரியவில்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவர் பீரோவில் தேடினார். எனக்குத் தெரியாது என்றாள். அவர் அதற்கு மேல் கேட்காமல் இருட்டறைக்குப் போய்விட்டார்.

இந்த முறை ஜியாவுல்லா குரோம் படிகாரம் கொண்டுவந்திருந்தான். தோலை இறுக்குவது ஜெலட்டினையும் இறுக்காதா என்பது அவன் கணக்கு. கணக்குப் பலித்தது. நாற்பது தாள்களில் பூச்சு பசை போட்ட மாதிரி நின்றது.

ஒரு தாளில் மட்டும் உப்பியது.

கிழித்துப் போடு, அடிப்பூச்சு போயிருக்கும் என்றான் ஜியாவுல்லா. சுந்தர்ராஜ் கிழிக்கவில்லை. கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். அதன்பின் ட்யூட்டி முடிந்து வந்தால் அந்த அறையிலேயே கிடந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் டீயை எடுத்துக்கொண்டு தேவகிருபை கதவைத் தட்டினாள். தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சாத்தினாள். சிவப்பு பல்பு எரிந்தது. எப்போதும் வரும் உப்பு வாடைக்கு நடுவில் இன்னொரு வாசம். ஏப்ரலில் இரண்டு நாளும் மகளின் நெஞ்சில் அவள் தேய்த்த தைலத்தின் வாசம்.

சுந்தர்ராஜ் தரையில் உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு கோடு விட்டு, இரண்டு பக்கமும் பூச்சு உப்பியிருந்தது.

காற்றில்லாத அறை. தாள் அசையவில்லை.

உப்பல் மட்டும் மெல்ல ஏறியது.

அப்போது அவளுக்குக் கேட்டது. மூக்கடைத்த குழந்தை வாயால் மூச்சை இழுக்கும் சத்தம். இழுத்தது. நின்றது.

வெளியே விடவில்லை.

அவள் காத்திருந்தாள். தம்ளர் கையைச் சுட்டது. அந்த மூச்சு வெளியே வரவே இல்லை.

"உனக்கும் கேக்குதா?" என்றார் அவர், மெதுவாக.

அவள் தலையாட்டினாள். நான்தான் தொட்டியில் போட்டேன் என்று சொன்னாள். அவர் கோபப்படவில்லை. தெரியும் என்றார். பிறகு, மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"இழு, புடின்னு சொன்னேன் கிருபை. கொழந்த இழுத்துப் புடிச்சிக்கிச்சு. டாக்டர் அவசரப்படுத்துனாரு. பிளேட்ட உருவிக்கினு ஓடிட்டேன்." அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வுடுன்னு சொல்லவே இல்ல."

ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்கிற வார்த்தை. சொந்த மகளுக்குச் சொல்ல மறந்துபோனது. அதற்குப் பின் எந்த நோயாளிக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை, அவர்களாகவே விட்டுக்கொள்கிறார்கள் என்றார்.

எக்ஸ்ரே எடுத்த பிறகு ஐந்து மணி நேரம் உயிரோடு இருந்த பிள்ளை மூச்சு விடாமலா இருந்திருக்கும்? தேவகிருபைக்குத் தெரியாதா? ஆனால் வார்டுக்குத் தூக்கிப்போகும்போது மகள் உதட்டை இறுக்கிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, எக்ஸ்ரே ரூம் கதவையே பார்த்துக்கொண்டு வந்தது இப்போது ஞாபகம் வந்தது. வலி என்று அன்றைக்கு நினைத்தாள். அப்பா சொன்னதைத் தட்டாத பிள்ளை அது.

"சொல்லிடுங்க" என்றாள்.

"சொல்லிட்டா போய்டும், கிருபை."

"கொழந்த எவ்ளோ நேரந்தான் புடிச்சிக்கினு இருக்கும்?"

அவர் எழுந்தார். தாளுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"வுடு கண்ணு" என்றார்.

நீளமாக, இளைப்போடு, ஒரு மூச்சு வெளியே வந்தது. தேவகிருபையின் முகத்தில் சூடாகப் பட்டது. உப்பல் இரண்டும் அடங்கித் தாளோடு படிந்தன. தைல வாசம் போய் உப்பு வாடை மட்டும் நின்றது. இரண்டு பேரும் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்கள்.

மற்ற தாள்களில் ஒன்றை வெட்டிக் கேமராவில் போட்டு ஜியாவுல்லா டேனரி வாசலைப் படம் எடுத்தான். ஒரு புள்ளி, ஒரு கீறல் இல்லாமல் வந்தது. மூன்று வருஷம் காத்திருந்த படம். மூவரும் அதைப் பார்த்தார்கள்.

பத்து நாள் கழித்துத் தெருக்குழாயில் ஹலீமா பீ பேச்சுக் கொடுத்தாள். பேரணாம்பட்டிலிருந்து போன வாரம்தான் அந்தத் தெருவுக்குக் குடிவந்தவள், யார் வீட்டுக் கதையும் அவளுக்குத் தெரியாது. இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தாளாம். "உங்க வூட்டுக்காரர் நல்ல மனுஷன் டீச்சரம்மா. ஒத்தாசைக்கு ஒரு பாப்பாவ வெச்சிக்கினு இருக்காரே, யாரது? இழு, புடின்னு அவர் சொல்றாரு. வுடுன்னு அது சொல்லுது."

குடம் நிரம்பி வழிந்தது. தேவகிருபை அதைத் தூக்கவில்லை.

பத்து நாளும் அவர் இதைத் தன்னிடம் சொல்லவில்லை என்பது முதலில் சுட்டது. பிறகு புரிந்தது. தொட்டியில் போட்டவளுக்கும் குரல் கேட்குமா என்று அவரும் பயந்திருக்கிறார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் இருமல் என்று சொல்லிச் சீட்டு வாங்கி, எல்லோரையும் போல வரிசையில் நின்றாள். முறை வந்தபோது சுந்தர்ராஜ் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

பலகை நெஞ்சில் சில்லென்று பட்டது. தாடையை மேலே வைத்துக்கொண்டாள். அவர் தடுப்புக்குப் பின்னால் போனார்.

"இழு" என்றார். இழுத்தாள்.

"புடி."

மெஷின் உறுமி ஓய்ந்தது. தடுப்பின் கண்ணாடி வழியே பார்த்தாள். அவருடைய உதடு மூடியிருந்தது.

அறை நிசப்தமாக இருந்தது.

நெஞ்சு வலிக்க ஆரம்பித்தது. மகள் என்னிடம் பேசமாட்டாள் என்று நினைத்தாள்.

இடுப்புயரத்தில், புடவைக்கு மிக அருகில், முன்பல் இல்லாத வாயிலிருந்து காற்றுக் கலந்து வந்தது குரல்.

"வுடும்மா."

தேவகிருபை விடவில்லை. இன்னொரு தரம் சொல்லட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.