சீல் வைத்த பெட்டி

மாலை 4.20.

கோழிக் கொட்டகைக்குள் நுழைந்த கால்நடை டாக்டர், செத்துக் கிடந்தவற்றை எண்ணத் தொடங்கி, பத்தடி நடந்ததும் நிறுத்திவிட்டார். உயிரோடு இருந்தவற்றை எண்ணுவதுதான் சுலபம் என்று தெரிந்துபோயிற்று.

நூற்றைம்பது அடி நீளக் கொட்டகை. நான்கு பக்கமும் அடைத்தது. வாசல் பக்கச் சுவரில் தண்ணீர் சொட்டும் அட்டைத் தடுப்புகள்; எதிர்க்கோடியில் ஆள் உயரத்துக்கு ஆறு மின்விசிறிகள். விசிறிகள் உள்காற்றை வெளியே தள்ள, ஈர அட்டை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். விசிறி நின்றால் அந்தக் கொட்டகை ஒரு அடுப்பு.

விசிறிகள் அசையாமல் நின்றன. டாக்டர் கடைக்கோடி வரை நடந்தார். அங்கே செத்துக் கிடந்த கோழிகளின் மேல் வெள்ளை இறகுத் தூவல் கனமாகப் படிந்திருந்தது. பஞ்சு உதறிப் போட்டதுபோல. அதை விலக்கிவிட்டுத்தான் ஒரு கோழியை எடுக்க முடிந்தது. அறுத்துப் பார்த்தார். இரைப்பை நிறைய தீனி. நோய் இல்லை, விஷம் இல்லை.

"வெக்கைதான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையுறையை உருவி எறிந்தார். கோபம் வந்தால் எதையாவது எறிவது அவர் பழக்கம். பேச்சும் வெட்டுத்தான். சுற்றுவட்டாரப் பண்ணைகளில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர்.

வெளியே தீவன மூட்டையின் மேல் பண்ணைக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். அழவில்லை. முகம் கல்லாக இறுகியிருந்தது.

"எத்தனைங்க டாக்டர்?"

"மூவாயிரத்து எண்ணூறுக்குக் குறையாதுங்க. மிஞ்சினது இருநூறு இருக்கும்."

பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டை மூடினார். "கேஸ் ஒண்ணும் சிக்கல் இல்ல டாக்டர். மதியம் ஒண்ணே காலுக்குக் கரண்ட் போயிருக்கு. கரண்ட் போனா பேட்டரி ஃபேனை ஓட்டணும். அதுக்குத்தானே அரசாங்கம் உதவித் திட்டத்துல சோலார் பேனலும் பேட்டரியும் புது ஃபேனும் போட்டுக் குடுத்துச்சு? ஆனா கண்ட்ரோல் ரூம்ல மெயின் சுவிட்ச் ஆஃப்ல இருக்கு. ரூம் பூட்டியிருந்துச்சு. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு பண்ணையாள் நெட்டையன் இடுப்புல. இன்னொண்ணு பேனல் மாட்டின கான்ட்ராக்டர்கிட்ட. அவரு காலையிலேருந்து நாப்பது மைல் தள்ளி வேற பண்ணையில இருந்தாரு. நாலு பேரு சாட்சி."

"அப்ப நெட்டையன்."

"வேற யாரு? போன வாரம் லீவு கேட்டு அம்மாகூட சண்டை போட்டிருக்கான்."

பண்ணைக்கார அம்மா வெடுக்கென்று நிமிர்ந்தார். "சண்டை என்னோட. கோழியோட இல்ல. அவன் கதவைத் திறந்துவிட உள்ள போயி அங்கேயே மயங்கிக் கிடந்தான். கொல்றவனா கூடச் சேந்து சாகப் போவான்?"

"பதட்டப்படாதீங்கம்மா." மென்மையான குரல். திட்ட அதிகாரி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் கோப்பு. இந்தத் திட்டத்தில் எந்தப் பண்ணைக்கு எது கொடுப்பது, கொடுத்தது சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. "டாக்டர், இவங்க என் ஆபீஸ்லதான் இருந்தாங்க. கடைசித் தவணைக்கு ஒரு படிவம் பாக்கி, நான்தான் வரச்சொன்னேன். பன்னெண்டரையிலேருந்து என் எதிர்லயே உக்காந்திருந்தாங்க. ரெண்டு அஞ்சுக்கு நெட்டையன்கிட்டேருந்து போன். உடனே என் ஜீப்புலயே கூட்டிட்டு வந்தேன்."

"வந்து சேந்தது?"

"ரெண்டே முக்கால்."

"வந்ததும்?"

பண்ணைக்கார அம்மாவே பதில் சொன்னார். "ஓடினேன். எல்லாம் செத்துக் கெடக்கு. நடுவுல அவன். கத்துனேன் டாக்டர், தொண்டை கிழியக் கத்துனேன். ரெண்டடி தள்ளி நின்ன சாருக்கே கேக்கல. கையைப் பிடிச்சு இழுத்துத்தான் காமிச்சேன். ரெண்டு பேருமா அவனை வெளியில தூக்கிப் போட்டோம். நான் அவன் தலையில தண்ணி ஊத்திட்டிருந்தேன். சார் அவன் இடுப்புலேருந்து சாவியை எடுத்துக்கிட்டு ரூமைத் திறக்கப் போனாரு."

"போய்ப் பார்த்தா சுவிட்ச் ஆஃப்," என்றார் அதிகாரி. "நான் எதையும் தொடல. அப்படியே வெச்சுட்டு இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டேன்."

"ஏன் சார், அந்த ஒரு சுவிட்சை ஆஃப் பண்ணா பேட்டரியும் நின்னுடுமா?"

"எல்லாம் அது வழியாத்தான் டாக்டர். லைன் கரண்டானாலும் சரி, பேட்டரியானாலும் சரி. அதை அணைச்சா ஃபேனுக்கு எதுவுமே போகாது. பேட்டரி புத்தம் புதுசு. நானே பார்த்துக் கையெழுத்துப் போட்டது. பாவம், அதால என்ன பண்ண முடியும்?"

"திறந்து பார்த்துடலாமே."

"சீல் உடைச்சா உத்தரவாதம் போயிடும். உதவித்தொகை முழுசையும் திருப்பிக் கேப்பாங்க. இப்பவே பண்ணையாள் தப்புன்னு ஆயிட்டதால சாமானைத் திரும்ப எடுக்கச் சொல்லி விதி இருக்கு. நாளைக்குக் காலையில லாரி வரும். அம்மாவோட நஷ்டத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ, நான் மேலிடத்துல பேசிப் பார்க்கிறேன்."

"பிச்சையா?" என்றார் பண்ணைக்கார அம்மா. "நாலு வருஷம் படிவம் படிவமா எழுதிக் குடுத்து, உங்க வாசப்படியில தவம் கெடந்து வாங்கினது சார். கரண்ட் மிச்சம், கோழிக்கு நல்லது, கவர்மென்டே கூட நிக்குதுன்னு நீங்கதான் கூட்டம் போட்டுச் சொன்னீங்க. இப்ப கோழியும் போச்சு, என் ஆள்மேல பழி, சாமானும் திரும்பப் போகணுமா?"

அதிகாரி வருத்தத்தோடு தலையசைத்தார்.

மாலை 6.40.

ஆஸ்பத்திரியில் நெட்டையனின் கால்கள் கட்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. வாசலில் ஒரு கான்ஸ்டபிள். நெட்டையனின் மனைவி டாக்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். போலீஸ் கூட்டிவந்த ஆள் என்று நினைத்திருப்பாள். புருஷனை மறைத்தாற்போல நின்றுகொண்டாள்.

"நான் கோழி டாக்டர்மா. ரெண்டே கேள்வி." டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணே காலுக்கு எங்க இருந்தே?"

"கிணத்து மேட்டுல. குழாய் உடைஞ்சு கெடந்துச்சு. கரண்ட் போனது தெரியும். பேட்டரி இருக்கேன்னு தைரியமா இருந்துட்டேன். முன்னாடி அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் போகும், தானா ஓடும். இவ்ளோ நேரம் ஒருநாளும் போனதில்ல."

"அப்புறம்?"

"ரெண்டு மணிக்குத் திரும்பி வந்தேன். அக்காவுக்குப் போன் போட்டுட்டு உள்ள ஓடினேன். அந்தக் கோடிக் கதவைத் திறந்துடணும்னு."

"கண்ட்ரோல் ரூமுக்கு ஏன் போகல?"

"போயி? முதல்ல அதுங்களுக்குக் காத்து வேணாமா?" அவன் கண்ணை மூடினான். "எனக்குப் பயம் வந்தது எதுனால தெரியுமா டாக்டர்? சத்தம் இல்ல. அந்த ஆறு ஃபேனும் ஓடினா கொட்டாயிக்குள்ள பக்கத்துல இருக்கிறவன் பேசுறது கேக்காது. இன்னைக்கு என் மூச்சு எனக்கே கேட்டுச்சு. நாலு கோழி விக்கிவிக்கி இழுக்குற சத்தம் தனித்தனியா கேட்டுச்சு."

டாக்டர் எழுந்தவர் அப்படியே நின்றார்.

"திரும்பச் சொல்லு."

அவன் திரும்பச் சொன்னான். டாக்டர் வராந்தாவுக்கு வந்து, மின்வாரிய லைன்மேனுக்குப் போன் போட்டார். அவனுடைய மாட்டுக்குப் பிரசவம் பார்த்தவர் என்பதால் உடனே எடுத்தான்.

"மதியம் லைன் எத்தனை மணிக்குத் திரும்ப வந்துச்சு?"

"ரெண்டு இருபத்தஞ்சு டாக்டர். புஸ்தகத்துல எழுதியிருக்கேன். ஏன்?"

"நாளைக்கு அந்தப் புஸ்தகத்தோட வா."

மறுநாள் காலை 7.50.

லாரி வந்து நின்றிருந்தது. கான்ட்ராக்டரும் அவர் ஆட்களும் கண்ட்ரோல் ரூம் கதவைத் திறந்து பேட்டரிப் பெட்டியின் போல்ட்டில் கைவைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டரும் லைன்மேனும் பின்தொடர, டாக்டர் நேராக வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"டாக்டர், இது அரசாங்கச் சொத்து," என்றார் திட்ட அதிகாரி.

"கோழி என் சொத்துன்னு வெச்சுக்குங்க. சார், ஒரு சந்தேகம். நேத்து நீங்க ரூமைத் திறந்தப்போ சுவிட்ச் ஆஃப்ல இருந்துச்சு?"

"ஆமா."

"நிச்சயமா?"

"எத்தனை தடவை சொல்றது?"

"உங்களுக்கு முன்னாடி யாரும் உள்ள போகல?"

"பூட்டை நான்தான் திறந்தேன்."

டாக்டர் பண்ணைக்கார அம்மாவின் பக்கம் திரும்பினார். "ரெண்டே முக்காலுக்கு நீங்க கத்துனது, ரெண்டடி தள்ளி நின்ன இவருக்கு ஏன் கேக்கல?"

"ஃபேன் சத்..." என்று தொடங்கிய பண்ணைக்கார அம்மா நிறுத்தினார். வாய் திறந்தபடி இருந்தது. மெல்ல அதிகாரியின் பக்கம் பார்வை போயிற்று.

"ஃபேன் ஓடிட்டிருந்துச்சு," என்றார் டாக்டர். "தினமும் கேக்குற சத்தம். அதனால இவங்க மனசுல பதியல. நின்னிருந்தாத்தான் பதிஞ்சிருக்கும். பின்னால அது நின்னப்போ இவங்க வெளியில நெட்டையன் தலையில தண்ணி ஊத்திட்டிருந்தாங்க, கவனிச்சிருக்க மாட்டாங்க. செத்த கோழி மேல அவ்ளோ தூவல் படிஞ்சிருந்துச்சே, அதை அங்க கொண்டுபோய்ச் சேத்தது எது? கோழி செத்ததுக்கு அப்புறம் காத்து அடிச்சிருக்கு இன்ஸ்பெக்டர். ரெண்டு இருபத்தஞ்சுக்கு லைன் வந்துச்சு. ஆறு ஃபேனும் தானா சுத்த ஆரம்பிச்சுச்சு. சுவிட்சை அணைச்சா எதுவுமே போகாதுன்னு நேத்து இவரேதான் சொன்னாரு. அப்ப, இவங்க ரெண்டு பேரும் உள்ள வந்தப்போ சுவிட்ச் ஆன்ல இருந்துச்சு. அதுக்கப்புறம் இந்த ரூமுக்குள்ள காலெடுத்து வெச்சது ஒரே ஆள்."

லைன்மேன் புத்தகத்தை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான்.

"மதியம் முழுக்க எதிர்ல உக்காந்திருந்தாருன்னு இவரை நாம கணக்குலயே எடுக்கல," என்றார் டாக்டர். "சுவிட்சை அணைச்சது கரண்ட் போனப்போன்னு நெனச்சோம். கோழி செத்த பிறகு அணைச்சிருக்காரு. பழியைச் சுமக்க ஒரு ஆள் மயங்கிக் கெடந்தான், அவன் இடுப்புலயே சாவி இருந்துச்சு."

"உளறல்!" அதிகாரியின் குரலில் மென்மை போய்விட்டிருந்தது. "நான் எதுக்கு அணைக்கணும்?"

"சுவிட்ச் ஆன்ல இருந்தும் ஃபேன் ஓடலன்னா அடுத்த கேள்வி பேட்டரி மேல வரும். அது உங்க கையெழுத்து."

டாக்டர் பெட்டியிலிருந்து இறங்கினார். ஆட்களில் ஒருவன் கையில் இருந்த கடப்பாரையைப் பண்ணைக்கார அம்மா வாங்கிக்கொண்டார்.

"அம்மா, சீல்!" என்றார் கான்ட்ராக்டர்.

"உன் சீல்ல கொள்ளி வெக்க."

மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. உள்ளே எட்டு பேட்டரிகள், பளபளக்கும் லேபிள்களோடு. டாக்டர் ஒரு லேபிளின் ஓரத்தை நகத்தால் கிள்ளி உரித்தார். அடியில் இன்னொரு லேபிள், மங்கி, எண்ணெய்ப் பிசுக்கேறி. ஏதோ லாரியில் ஏழெட்டு வருஷம் ஓடிக் கழித்துப் போட்டது. முனைகளில் பச்சைப் பூஞ்சணம்போல உப்பு பூத்திருந்தது.

"பத்து நிமிஷம் தாங்கும்," என்றான் லைன்மேன். "அதுக்கு மேல இது வெறும் டப்பா. பேட்டரி செத்தா பேனலும் தனியா ஓட்டாது."

கான்ட்ராக்டர் உடனே கைகழுவினார். "சார்தான் சொன்னாரு. பெட்டியைத் திறந்து யாரும் பார்க்க மாட்டாங்க, வெளியில போட்டோ எடுத்தாப் போதும்னு..."

"வாயை மூடுய்யா!" என்றார் அதிகாரி. பிறகு எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கோழி சாகும்னு நான் நெனச்சேனா? அவ்ளோ நேரம் கரண்ட் போகும்னு யாருக்குத் தெரியும்?"

பண்ணைக்கார அம்மா கடப்பாரையோடு அவர் முன்னால் வந்து நின்றார். இன்ஸ்பெக்டர் ஒரு அடி எடுத்து வைத்தார். தேவைப்படவில்லை.

"கோழி செத்ததுகூடப் போகட்டும்," என்றார் அந்த அம்மா. "என் ஆள் மூச்சுப் பேச்சில்லாம கெடந்தான். நான் தண்ணி ஊத்திட்டிருந்தேன். அப்ப நீ அவன் இடுப்பைத் தடவிச் சாவி எடுத்தே. உதவின்னு நெனச்சேன்யா. கையெடுத்துக் கும்பிட்டேன்யா உன்னை!"

இன்ஸ்பெக்டர் அவர் கையிலிருந்த கோப்பை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்த கான்ஸ்டபிளுக்குப் போன் போட்டார். "அங்கேருந்து கிளம்பு. அவன்மேல ஒண்ணும் இல்ல."

காலை 8.30.

"இந்த மாதிரிப் பெட்டி எத்தனை பண்ணையில வெச்சிருக்கே?" என்று கேட்டார் டாக்டர்.

கான்ட்ராக்டர் தரையைப் பார்த்தார். "முப்பத்தொண்ணு."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அந்த நேரத்துக்கே கூரைத் தகரம் சூடேறத் தொடங்கியிருந்தது. "மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கணும். மத்தப் பெட்டியைத் திறக்க எனக்கு உத்தரவு இல்ல. ரெண்டு மூணு நாள் ஆகும்."

"மதியம் கரண்ட் போறதுக்கு யாரு உத்தரவு போடுறாங்க?" என்று கேட்டார் டாக்டர்.

இன்ஸ்பெக்டர் கோப்பைப் பிரித்து, பண்ணைகளின் பட்டியல் இருந்த தாளைத் தேடி எடுத்தார். பிறகு தன் ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டார். டாக்டரும் பண்ணைக்கார அம்மாவும் ஏறிக்கொண்டார்கள்.

மதியம் ஒரு மணிக்குள் பதினேழு பண்ணைகள். முதல் இரண்டில் உரிமையாளர்கள் பெட்டிக்குக் குறுக்கே விழுந்து மறித்தார்கள். சீல் உடைந்தால் உதவித்தொகை போய்விடும் என்று கெஞ்சினார்கள். உரித்த லேபிளைக் கையில் கொடுத்ததும் பேச்சு நின்றது. மூன்றாவது பண்ணையை அடைவதற்குள் செய்தி அவர்களுக்கு முன்னால் போய்விட்டது. போகிற இடமெல்லாம் ஜனங்கள் கொட்டகைத் தடுப்புகளைக் கையாலேயே பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று இருபதுக்குக் கரண்ட் போயிற்று.

செய்தி இன்னும் எட்டாத பதினெட்டாவது பண்ணையின் வாசலில் ஜீப் நின்றது. உள்ளே விசிறிகள் ஆறும் சுற்றிக்கொண்டிருந்தன. இங்காவது பேட்டரி தாங்குமா என்று எல்லாரும் இறங்கி நின்று காதைத் தீட்டிக் கேட்டார்கள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நிமிடம். ஐந்து. ஆறாவது நிமிடத்தில் சத்தம் தேயத் தொடங்கியது.

பண்ணைக்கார அம்மா கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். "கதவைத் திறங்கடா!" என்று அவர் போட்ட கூச்சல் அந்தப் பண்ணையில் எல்லாருக்கும் கேட்டது.