சத்தம் போடாத பிள்ளைக்காம்பரா

"புள்ளைங்களுக்கு இவ மயக்க மருந்து குடுக்குறா, நான் சொல்றேன்…"

"எஞ் சாமி சத்தியமா நான் ஒண்ணுமே…"

"வாயை மூடு! கடுதாசி எழுதியாச்சு. நாளைக்குக் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல தொரை கையில குடுத்தா உன் வேலையும் போச்சு, லயத்துக் காம்பராவும் போச்சு!"

தோட்டத்து மருத்துவச்சி அம்மாக்கண்ணுவின் வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். குடையை மடக்கிவிட்டுக் கடுதாசியை ஆட்டியவர், மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி. தூங்கும் பிள்ளை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதவள் ராசம்மா; தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயா.

உள்ளே துணி வியாபாரி அன்ஸார், அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கீழ்ப்பாதையில் மண் சரிந்து, இரண்டு நாளாக அவரும் துணிமூட்டையும் இந்தத் தோட்டத்தில் சிறை. பொழுதுபோகாமல் தவித்தவருக்கு வழக்கொன்று வாசலுக்கே வந்ததும் கடியெல்லாம் மறந்துபோயிற்று.

"உள்ள வாங்க. ஒருத்தரா சொல்லுங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

"மூணு வாரமா மழை" என்றார் கண்டாக்கு. "முப்பது புள்ளைங்க வெளிய போகாம அடைஞ்சு கெடந்தா கூரையே பறக்கணுமா இல்லையா? இப்ப நாலு நாளா, பகல்ல மூணு மணி நேரம் ஒரு சத்தம் இல்ல. ஒரு இருமல்கூட இல்ல! பொழுது சாய்ஞ்சா ரொட்டிகூடத் திங்காம விழுந்து தூங்குதுங்களாம். தாய்மாருங்க வந்து அழுவுறாங்க. வேற என்ன, மருந்துதான்!"

"அந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க ஐயா?"

"ஏழாம் நம்பர் தேயிலை மலையில. நாலு நாளும் பத்துலேருந்து ஒரு மணி வரைக்கும் மழையில நின்னேன்."

அன்ஸார் மருத்துவச்சியின் காதருகே வந்தார். "அபின், அம்மா. சந்தேகமே இல்ல."

"கொஞ்சம் பொறுங்க நானா" என்று அண்ணன் முறை சொல்லி அவரை அடக்கினாள்.

அவள் பிள்ளையை வாங்கி, இமையை விலக்கிப் பார்த்தாள். உள்ளங்காலைக் கிச்சுக்கிச்சு மூட்டினாள். பிள்ளை தூக்கத்திலேயே சிரித்து அவளை உதைத்தது. முழங்கால் இரண்டும் சிவந்திருந்தன. வலது ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கண்டாக்கையா, அந்த மாடத்து விளக்கைக் கொஞ்சம் எடுத்துத் தாங்க."

அவர் திரும்பினார். கறுப்புக் கம்பளிக் கோட்டின் முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டுகள்.

"சுண்ணாம்பு!" என்று கிசுகிசுத்தார் அன்ஸார். "எங்கயோ சுவத்துல சாஞ்சிருக்காரு. அருமையான துணி, பாழாப் போச்சு."

"நானா, மூணு மணி நேரம் மழையில நனைஞ்ச துணியில பொட்டு இப்படி நிக்குமா?"

"எப்படி நிக்கும்? கரைஞ்சு வடிஞ்சிரும்…" என்றவர் வாயைத் திறந்தபடியே நின்றார்.

"சப்பாத்தைக் கழட்டுங்க ஐயா. அட்டைக் கடிக்கு மருந்து போடுறேன்."

"என்னை அட்டை கடிக்கலையே."

"நானாவைப் பாலத்துலேருந்து இங்க வர்றதுக்குள்ள ஏழு அட்டை கடிச்சிருக்கு. நாலு நாள் மலையில நின்ன உங்களை ஒண்ணுகூடத் தொடலையா? சரி, மலையில நின்ன ஆளுக்குப் புள்ளைக்காம்பராவுல இருமல்கூட இல்லன்னு எப்படித் தெரியும்? அங்க வெளிக்கூடத்துக்குத் தாய்மாருங்க பால் குடுக்க வருவாங்க. யாரும் எட்டிப் பார்க்காத எடம் பால் காய்ச்சுற அறை. அடுப்பு இருக்கு, மேசை இருக்கு. ரொட்டி சுடுற மா வாளியும் அங்கதான் இருக்கு. முதுகுல இருக்கறது சுண்ணாம்பு இல்ல நானா, கோதம்ப மா."

கண்டாக்குக்கு முகம் சிவந்தது. "அப்ப அந்தத் தேத்தண்ணியிலயும் மருந்துதான்! இவ குடுத்ததைக் குடிச்சிட்டு நானே நாலு நாளா மேசையில…" பாதியில் நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

"மருந்து இல்ல ஐயா. அடுப்புச் சூடும் மழைச் சத்தமும். புள்ளைக்கு முட்டி செவந்திருக்கு, வெரல்லயும் அதே மா; ராசம்மா, என்ன வெளாட்டுன்னு சொல்லு."

ராசம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஐயா முழிச்சா ஏசுவாரேன்னு 'தொரை தூங்குறாரு'ன்னு ஒரு வெளாட்டு வச்சேன் அம்மா. வெளாட்டுல ஐயாதான் தொரை. உள்கூடத்துக் கோடியிலேருந்து முட்டிபோட்டு ஊர்ந்து வரணும். வெரல்ல மாவைத் தொட்டு முதுகுல ஒரு பொட்டு வைக்கணும். ஐயா அசைஞ்சாலோ, யாராச்சும் மூச்சு விட்டாலோ திரும்பக் கோடிக்கு. கொறட்டை நின்னா அப்படியே செலை மாதிரி நிக்கணும். மூணு மணி நேரம் ஊர்ந்தா அலுப்பு இருக்காதா? கண்டாக்கையா தூங்கினாருன்னு இந்த ஆயா சொன்னா யாரு நம்புவாங்க?"

"நாலு நாளா கோட்டைத் தட்டியே உங்க சம்சாரத்துக்குக் கை ஓஞ்சிருக்கும்" என்றாள் அம்மாக்கண்ணு. "கடுதாசியைக் குடுக்கறதுன்னா குடுங்க ஐயா. கூடவே தொரைக்கு முதுகையும் காட்டணும்."

கணேசமூர்த்தி கடுதாசியை நான்காக மடித்தார். எட்டாக மடித்தார். பிறகு அடுப்பருகே போய் அதை உள்ளே போட்டார். அது கருகி முடிகிறவரை அன்ஸார் காலில் சுண்ணாம்பு தடவுகிற சாக்கில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கண்டாக்கு குடையை எடுத்துக்கொண்டு வாசலை அடைந்தபோது, பிள்ளையைத் தோளில் சாத்திக்கொண்ட ராசம்மா ஓடிப்போய் மறித்தாள். அழுத முகத்தில் புதிதாய் ஒரு கவலை.

"ஐயா, நாளைக்கும் மழைதானாம். பத்து மணிக்கு வந்துருவீங்கள்ல? தொரை எங்கன்னு புள்ளைங்க கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"