இருபத்துமூன்றாவது நகர்த்தல்

நேரம் தீர்ந்து தோற்பது மனிதர்களுக்கு வாய்த்த சாபம். செஸ் ஆடும் கணினி நிரலான என்ஜினுக்கு அந்த வியாதி கிடையாது. அதனால்தான் மாலை நான்கு மணிக்குத் திரையில் வந்து நின்ற வரி கோச்சை உறுத்தியது. 'கறுப்பு தோல்வி. நேரம் தீர்ந்தது.'

நாளை இறுதிச் சுற்றில் அவருடைய மகளுக்குக் கறுப்புக் காய். எதிராளி இப்படி ஆடினால் நீ இப்படி ஆடு என்று தொடக்க நகர்த்தல்களைக் கிளை கிளையாகச் சேர்த்து, அவளுக்கென்றே ஓர் ஓப்பனிங் புக் ஒரு மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கிளையையும் என்ஜின் தனக்குத் தானே ஆடிப் பார்க்கும். இந்த ஆட்டத்தில் கறுப்பின் கைதான் ஓங்கியிருந்தது. இருபத்துமூன்றாவது நகர்த்தலில் ஏனோ அப்படியே நின்றுவிட்டது.

சூடேறியிருக்கும் என்று கணினியின் பின்னால் கை வைத்துப் பார்த்தார்; வெப்பக் காற்றைக் கக்க வேண்டிய விசிறி, நாளெல்லாம் ஈரத்துணி கிடந்த அறையின் வாடையோடு, விரல் நுனிகள் மரத்துப்போகும் அளவுக்குச் சில்லென்ற காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அந்தக் கிளையை அழித்தார். அடுத்ததும் இருபத்துமூன்றில் நின்றது. முதல் நகர்த்தலையே மாற்றிப் பார்த்தார். மறுபடி இருபத்துமூன்று. மற்ற மாணவர்களின் கோப்புகளை ஓட்டினார். ஆட்டம் அறுபது வரை சளைக்காமல் போனது. மகளின் கோப்பு மட்டும்தான் இப்படி.

கூடத்துக்கு வந்து நடந்ததை மகளிடம் சொன்னார். "நாளைக்கு நீ ஆட வேண்டாம்மா."

"ஆடப்போறது நான். பயம் உங்களுக்கா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு அம்மா சும்மாவா சொல்றாங்க!"

"சொன்னா கேளு."

அவள் முகம் சுருங்கியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தாலும் பால்கனிக்குப் போய், போட்டி நடத்துபவரைத் தொலைபேசியில் பிடித்து, பேரை எடுத்துவிடச் சொன்னார். அவர் சரியென்றதும் போன உயிர் திரும்பி வந்தது.

உள்ளேயிருந்து மவுஸ் அழுத்தும் சத்தம் கேட்டது.

"குட்டி, என்ன பண்றே?"

"என்ஜினோட ஆடுறேன்ப்பா. போட்டிக்குத்தானே போகக் கூடாது? வீட்டுல ஆடலாம்ல?"

டக். சிறிது நேரம் கழித்து இன்னொரு டக். பிறகு சத்தமே இல்லை.

ஓடினார். அறை சில்லிட்டிருந்தது. மகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கை மவுஸின் மேல் இருந்தது. திரையில் இருபத்திரண்டு நகர்த்தல்கள் முடிந்திருந்தன. வெள்ளை ஆடிவிட்டது. அவளுடைய கடிகாரத்தில் பதினொரு நொடி.

"குட்டி, மூவ் பண்ணு. எதையாவது வைம்மா!"

தோளை உலுக்கினார். கல்லாக இருந்தாள். நான்கு. மூன்று. கணினியின் வயரைப் பிடித்து இழுத்தார். திரை இருண்டது. விசிறி நின்றது. அவளுடைய மூச்சு கேட்டது. அப்பாடா. உயிர் இருக்கிறது.

"குட்டி?"

அவள் திரும்பவில்லை. இமைக்கவும் இல்லை. கருந்திரையில், இல்லாத காய் ஒன்றைத் தேடிக் கண்மணிகள் நகர்ந்தன. விரல் அழுந்தியது.

டக்.

கண்மணிகள் மறுபக்கம் போயின.

டக்.