இடப்பக்கம் திரும்பினால் கீச்சு

நாடியறிவான் வந்த பிறகு வடவள்ளியில் யாரும் எந்த இயந்திரத்துக்கும் கட்டளை இடுவதில்லை. மணிக்கட்டுப் பட்டை நாடியைப் பார்த்துச் சொல்லும். வீட்டுச் சாமான்கள் அதற்கேற்பத் தாமே நடந்துகொள்ளும். வெந்நீர் சூட்டைக் குறைத்துக்கொள்ளும், விளக்கு தணியும், கார் குழியைச் சுற்றிப் போகும். வீட்டாரின் நாடி சீராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவற்றின் வேலை. அப்பேர்ப்பட்ட காலத்தில், கவின்ராஜின் கார் மட்டும் இடப்பக்கம் திரும்பித் தெருவுக்குள் நுழையும்போது பின்சக்கரத்தில் கீச்சென்று கத்தியது.

"வந்துட்டீங்களா?" என்றபடி கதவைத் திறப்பாள் மனைவி மிருதுளா. "கறிக்கடைக்காரரு கேக்கறாரு, உங்க வீட்டு ஆட்டுக்கு என்ன வலின்னு."

இந்த வாரம் பேச்சு கொஞ்சம் காரமாகவே இருந்தது. "ஞாயித்துக்கெழம ஈரோட்டுச் சம்பந்தி வர்றாங்க, நம்ம பொண்ணு கல்யாணத் தேதி குறிக்க. இந்தச் சத்தத்தோட போயி அவங்களக் கூட்டிட்டு வர்றதா இருந்தா, நான் ஸ்டேஷனுக்கே வரலீங்க."

கவின்ராஜுக்கு கார் ரிப்பேர் தெரியும் என்பது அவரே பரப்பிய வதந்தி. அதைக் காப்பாற்ற தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு காருக்கடியில் நுழைந்தார். பிரேக்குக்கு எண்ணெய் விட்டால் கார் நிற்காது என்று பக்கத்து வீட்டுக்காரர் காலைப் பிடித்து வெளியே இழுத்துச் சொன்ன பிறகுதான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்.

ஒர்க்‌ஷாப் நடத்தும் ஜெனிட்டா கேட்ட முதல் கேள்வி, "திரும்பறப்ப பிரேக் அழுத்தறீங்களாங்ணா?"

"இல்லம்மா. சும்மா திரும்புனாலே கத்துது."

"அப்ப எங்கியோ உரசுது."

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினாள். ஆட்டமில்லை, பேரிங் நன்றாக இருந்தது. சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் பேட் தேயவில்லை. டிஸ்க்குக்குப் பின்னாலிருந்த தூசித்தகடு லேசாக வளைந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி நிமிர்த்தினாள். பேடைப் பிடித்திருக்கும் காலிபர் நகரும் கம்பிகளைத் துடைத்து, அதற்குரிய கிரீஸ் தடவினாள். ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி எத்தனை முறை திரும்பினாலும் சத்தமில்லை.

வீட்டுத் தெருமுனையில், கீச்.

மறுநாள் ஜெனிட்டாவே உடன் வந்தாள். வழியெல்லாம் இடது திருப்பங்களில் அமைதி. தெருமுனையில் மட்டும் கீச். அவள் காரை ஓரங்கட்டச் சொல்லி, அது கற்றுவைத்திருந்த பாடங்களைத் திரையில் திறந்தாள்.

"வேணும்னே பண்ணுதுங்ணா. இந்த எடத்துல மட்டும் பிரேக் பேடை மயிரிழை நகத்தி டிஸ்க்கத் தொடுது."

"எம்மேல அதுக்கென்ன கோவம்?"

"கோவமில்லீங்ணா. இது அக்காவோட நாடி." திரையில் ஒரு கோடு பொழுது சாயச் சாய ஏறி, கீச்சுச் சத்தத்தில் சட்டென்று இறங்கியது. "உங்களுக்கு நெஞ்சுவலி எதாச்சும் வந்துச்சுங்களா?"

"ரெண்டு வருசம் முன்ன. வண்டி ஓட்டிட்டு இருக்கறப்ப."

"அதுக்கப்பறம்தான் சத்தம் ஆரம்பிச்சிருக்கு."

கவின்ராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. பேச்சை மாற்ற, "கீழ இன்னொரு கோடு?" என்றார்.

"அது நீங்க." ஜெனிட்டா சிரிப்பை அடக்கினாள். "சத்தத்துக்கு எறங்கலீங்ணா. அக்கா திட்ட ஆரம்பிச்சதும் எறங்குது. இந்தப் பாடத்த அழிச்சுரட்டுங்களா?"

"வேண்டாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

வீட்டில் போய், "சரி பண்ணியாச்சு" என்று பொய் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகளை ஏற்றிக்கொண்டு வரும்போது, தெருமுனை நெருங்க நெருங்க கவின்ராஜ் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் பட்டுப்புடவையில் மிருதுளா. கார் திரும்பியது. ஒரு முனகல்கூட இல்லை. கேட்க வேண்டியவள் காருக்குள்ளேயே இருக்கிறாள். யாருக்காகக் கத்த வேண்டும்?

"வண்டி பூனையாட்டம் வருதுங்களே," என்றார் சம்பந்தி.

"இவரே சரி பண்ணுனாருங்க," என்றாள் மிருதுளா. கவின்ராஜ் திடுக்கிட்டார். அதோடு விடவில்லை, பந்தியில் உட்கார்ந்த பிறகும் அவர் பொறுமையைப் புகழ்ந்தாள், கைராசியைப் புகழ்ந்தாள். திட்டாமல் ஒருவரை எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பது? அவருக்கு சாதம் இறங்கவில்லை. நாடி எகிறி, மணிக்கட்டுப் பட்டை சுட்டது.

வீடு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சம்பந்தியின் தலைக்கு மேலே மின்விசிறி டொக், டொக் என்று அடிக்கத் தொடங்கியது.

"ஏனுங்க, காரைப் பாத்த மனுசன் இந்த ஃபேனைப் பாக்கக்கூடாதுங்களா? எல்லாத்துக்கும் நான் ஒருத்தி சொல்லோணுமா?"

கவின்ராஜின் பட்டை குளிர்ந்தது. சாதத்தில் ரசத்துக்குக் குழி பறித்தார்.

"எங்க வீட்லயும் குழாயி ஒழுகுதுங்க," என்றாள் சம்பந்தியம்மா, தன் கணவரைப் பார்த்து. "எத்தன தடவ சொல்றது. ஆள் வந்து பாத்துட்டு, ஒண்ணுமில்லைங்கறான்."

இவ்வளவு நேரமும் விறைப்பாக உட்கார்ந்திருந்த சம்பந்தி, இப்போதுதான் முதுகைத் தளர்த்திச் சாய்ந்துகொண்டார்.